பனியில் சறுக்கப் போகிறவர்கள் முதலில் சப்பாத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

அல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுமுறை பற்றி உங்கள் வார இறுதிப் பதிப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் நன்றாக இருந்தன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை வாசித்துவிட்டு லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற என் சொந்தக்காரர் மூன்று பேர் "மாசியில் வாறம், அறை பார்த்துச் சொல்லு" என்று போன் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கதைத்துத் தொண்டை வற்றுவதை விட உங்களுக்கே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். நான் பேர்ன் மாநிலத்து மலைப் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் பத்தொன்பது குளிர்காலம் வேலை செய்தவன். சறுக்கப் பழகியது நாற்பது வயதுக்குப் பிறகு, அதுவும் மகள் பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமுக்குப் போய் வந்து, "அப்பா, கீழே நின்று கை காட்டினது போதும், நீங்களும் வாங்கோ" என்று இழுத்த பிறகுதான்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் மச்சான் குடும்பத்தோடு வந்தபோது, ஆசிரியருக்கு எதற்குக் காசு, நானே பழக்குகிறேன் என்று முதல் நாளே அவரைக் கேபிள் காரில் மேலே கூட்டிக்கொண்டு போனேன். நீலப் பாதைதானே, பிள்ளைகள் கூட இறங்குகிறார்கள் என்று நினைப்பு. பதினைந்து நிமிடத்தில் இறங்குகிற பாதையில் பாதித் தூரம் வர இரண்டு மணித்தியாலம், அதில் முக்கால்வாசி அவர் பின்பக்கத்தால் வந்தது, மிச்சத்துக்குத் திரும்ப நடந்து ஏறி அதே கேபிள் காரில் கீழே வந்தோம். அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுவதும் ஹோட்டல் சன்னலடியில் தேத்தண்ணி குடித்தபடி இருந்துவிட்டுப் போய்விட்டார். பழியை மலையில் போட முடியாது, அது என் தலையில்தான்.

சறுக்குப் பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறங்களைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரியோடு முடித்துவிட்டது. பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு. சுவிஸ், ஒஸ்திரியா, இத்தாலியில் பொதுவாகப் பச்சை கிடையாது, நீலத்தில்தான் தொடங்கும். இங்கே நீலம் என்றால் சரிவு 25 சதவீதம் வரை, சிவப்பு 40 சதவீதம் வரை, அதற்கு மேல் கறுப்பு. 25 சதவீதம் என்பது வாசிக்கச் சின்ன எண், மேலே நின்று பார்த்தால் அப்படி இல்லை. அதுவும் அந்த நிறம் சரிவை மட்டும்தான் சொல்லும், காலையில் பாதை கண்ணாடி மாதிரி உறைந்து கிடப்பதையோ பங்குனி (மார்ச்) மாதத்து மத்தியானத்தில் களி மாதிரி இளகிவிடுவதையோ சொல்லாது. அதனால் முதல் இரண்டு மூன்று நாளுக்கு ஊருக்குள்ளேயே இருக்கிற பழகும் மைதானமே போதும். எங்கள் மலைப் பக்கத்து வெங்கன் ஊர் நடுவில் ஒன்று இருக்கிறது, கிரிண்டல்வால்டில் போட்மி என்ற இடம். உருளும் கம்பளம் உங்களை மேலே கொண்டுபோய் விடும். அங்கே நாலு வயதுக் குஞ்சுகள் உங்களை முந்திக்கொண்டு போகும், வெட்கப்படாதீர்கள். முழு மலைக்கும் ஆறு நாள் பாஸ் முதலே வாங்க வேண்டாம், பழகும் இடத்துக்குத் தனிச் சீட்டுக் கிடைக்கும். அந்தக் காசைக் கொண்டுபோய்ப் பயிற்சி வகுப்பில் கட்டுங்கள்.

இனிச் சப்பாத்து. வாடகைக் கடைக்குப் போகும் எங்கள் ஆட்கள் ஸ்கீப் பலகையின் நிறத்தைப் பார்த்து எடுப்பார்கள், சப்பாத்தைக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வருவார்கள். நேர் எதிராகச் செய்யுங்கள். காலை விட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் இலேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும், குதிக்கால் எழும்பவே கூடாது. முழங்கால் வரை வருகிற மெல்லிய மேஸ் (காலுறை) ஒரு சோடி, ஒன்றே ஒன்று. மச்சானின் மகளுக்கு அவளின் அம்மம்மா பின்னிய கம்பளி மேஸ் இரண்டு சோடியைப் போட்டு உள்ளே திணித்திருந்தார்கள். குளிருக்கு நல்லது என்றுதான். மத்தியானம் கழற்றிப் பார்த்தால் விரல்கள் வெளிறிப் பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தன. இறுக்கத்தில் இரத்தம் ஓடாவிட்டால் எத்தனை கம்பளி போட்டும் சூடு வராது. உள்ளே போடும் நீளக் காற்சட்டையின் விளிம்பையும் சப்பாத்துக்குள் விடாதீர்கள், பின்னேரம் கணுக்காலுக்கு மேல் வரி வரியாகக் கண்டிப்போய் இருக்கும்.

கடைக்காரர் உங்கள் நிறை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம் என்று கேட்பார். விழுந்தால் ஸ்கீ காலை விட்டுக் கழலுகிற பூட்டை அந்தக் கணக்கில்தான் இறுக்குவார்கள். என் அக்கா ஒருமுறை ஆட்கள் நிற்கிறார்கள் என்று எட்டுக் கிலோவைக் குறைத்துச் சொன்னார், அன்று முழுக்க அவரின் ஸ்கீ சும்மா சும்மா கழன்றுகொண்டே இருந்தது. அது சிரிப்பு. ஆனால் ஒன்றும் தெரியாதவர் எனக்கு நல்லாத் தெரியும் என்று புளுகினால் பூட்டு இறுகிவிடும், விழும்போது கழலாது, முழங்கால் முறுகும்.

ஜக்கெற்றுக்கு ஆயிரம் பவுண் கொட்டத் தேவையில்லை, தெரிந்தவர்களிடம் இரவல் வாங்குங்கள். ஜீன்சும் பருத்தி உடுப்பும் மட்டும் வேண்டாம், நனைந்தால் காயாது. அப்புறம் "எங்கட கறுப்புத் தோலுக்கு என்ன வெயில்" என்ற கதை. பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், உயரம் போகப் போக இன்னும் கூடும். எனக்கு மூக்குத் தோல் உரிந்திருக்கிறது, ஒருநாள் கண்ணாடி போடாமல் போய் இரவு முழுக்கக் கண்ணுக்குள் மண் அள்ளிப் போட்டது மாதிரி அரித்திருக்கிறது. கிறீமும் கண்ணாடியும் கட்டாயம். தலைக்கவசம் சுவிசிலும் பிரான்சிலும் சட்டக் கட்டாயம் இல்லை, என்றாலும் போடாத ஆளைக் காண்பது அரிது. இத்தாலியில் 2025 நவம்பரில் இருந்து எல்லா வயதினரும் போட்டே ஆக வேண்டும், அதோடு மற்றவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்புறுதியும் அங்கே 2022இல் இருந்து கட்டாயம்.

காப்புறுதி என்றதும் ஞாபகம் வருகிறது, இதில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். சுவிசில் ஒரே முதலாளியிடம் வாரம் எட்டு மணித்தியாலமாவது வேலை செய்கிற எங்களை வேலைத்தல விபத்துக் காப்புறுதி விடுமுறையிலும் பார்த்துக்கொள்ளும், உங்களைப் பார்க்காது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து விசா எடுத்து வருகிறவர்கள் 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியோடுதான் வருவார்கள். ஆனால் அந்தப் பத்திரத்தின் பொடி எழுத்தில் குளிர்கால விளையாட்டு சேராது என்று இருப்பது சாதாரணம், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லண்டன்காரரின் இலவசச் சுகாதார அட்டை ஆஸ்பத்திரிக்கு உதவினாலும் மலையில் இருந்து தூக்கி வருவதற்கு உதவாது. ஹெலிகொப்டர் வந்தால் பில் ஆயிரக்கணக்கான பிராங்கில் வரும். சுவிசில் அதற்கான ரேகா என்ற வான்மீட்புச் சேவையின் இலக்கம் 1414, ஐரோப்பா எங்கும் 112. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள்.

எப்போது வருவது? மாசி, அதாவது பெப்ரவரி, வேண்டாம் என்பேன். பிரான்சுப் பள்ளி விடுமுறை, இங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறி மாறி வரும் விளையாட்டு விடுமுறை, இங்கிலாந்து அரைத்தவணை எல்லாம் அந்த ஒரு மாதத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். அறை விலை ஏறும், லிப்ட்டுக்கு வரிசை. தை (ஜனவரி) நடுப்பகுதி நல்லது, குளிர் கடுமை ஆனால் சனம் குறைவு, வெங்கனில் மட்டும் லாபர்ஹோர்ன் என்ற பெரிய ஸ்கீப் பந்தயம் நடக்கும் கிழமையைத் தவிருங்கள். பங்குனி என்றால் உயரமான ஊராகப் பாருங்கள். கிரிண்டல்வால்ட் ஆயிரம் மீற்றர் சொச்சம்தான், பிரான்சின் வல் தொரான்ஸ் 2,300 மீற்றர்.

மேலே போன பிறகு முன்னால் போகிறவருக்குத்தான் உரிமை, பின்னால் வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும். மேட்டுக்கு அடியில், மேலே இருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று செல்பி எடுக்காதீர்கள். பாதைக்கு வெளியே புதுப்பனி ஆசை காட்டும், கயிற்றைத் தாண்டாதீர்கள். பனிச்சரிவு அபாயம் ஐந்தில் மூன்று என்று பலகையில் இருந்தால் நடுத்தரம்தானே என்று சிலர் சொல்வார்கள், ஆட்கள் அதிகம் சாவது அந்த மூன்றில்தான். கடைசி லிப்ட் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். பாதை மூடிய பிறகு பனியைச் சமப்படுத்தும் இயந்திரங்கள் நீளமான இரும்பு வடத்தைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கும், இருட்டில் அந்த வடம் தெரியாது.

சாப்பாடு கொண்டு போகலாம், பல மலை உணவகங்களில் அதற்கென்று ஓர் அறையே இருக்கும். நாங்கள் ரோல்சும் பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணியும்.

மச்சான் இந்த முறையும் வருகிறார். அவருக்கு மூன்று நாள் வகுப்புக்குக் காசு கட்டிவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. உங்கள் பத்திரிகையைத் தவறாமல் வாசிக்கிறவர், இதைப் போட்டீர்கள் என்றால் தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பேர்ன், சுவிற்சர்லாந்து