உப்புக் கணக்கு பார்த்தவர்களுக்கு

எல்லோருக்கும் திருப்பூரில் இருந்து வணக்கமுங்க.

இந்தத் தை மாதம் சாயப்பட்டறையை மகள் கையில் ஒப்படைத்துவிட்டேன். ஒப்படைத்தது என்னவென்று பார்த்தால் செக் புத்தகமும் தண்ணீர், உப்பு, விறகு மூன்றுக்கும் தினக்கணக்கு எழுதுகிற நோட்டுகளும்தான். அவள் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "2011க்கு முந்தி ஒரு நோட்டுமே இல்லையே, ஏன்ப்பா?" என்றாள். எழுதவே இல்லை கண்ணு, அதனால்தான். எழுத வைத்தவர்களுக்கு இதுவரை முறையாக ஒரு நன்றி சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யார் பெயரையும் போடவில்லை. பெயர் போட்டால் கோபித்துக்கொள்கிற ஆட்கள் இவர்கள். படித்தால் தங்களைத் தெரிந்துகொள்வார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பருத்தி பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். தண்ணீருக்குள் துணியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்புதான் நடுவில் நின்று சமாதானம் பேசி, சாயத்தைத் துணியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். சோடா ஆஷ் என்கிற காரத்தைப் போட்டதும் சாயம் துணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அத்தோடு உப்புக்கு வேலை முடிந்தது, கல்யாணத் தரகர் மாதிரி. தரகர் கமிஷனாவது வாங்கிக்கொண்டு போவார். உப்பு போட்டது போட்டபடி கழிவுத் தண்ணீரோடு வெளியே போய்விடும். கறுப்பு, நேவி போன்ற அடர்ந்த ஷேடுக்கு லிட்டருக்கு 80 கிராம்கூட வேண்டியிருக்கும். பழைய வின்ச் மிஷினில் 100 கிலோ துணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒரே ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு தடவை மிஷினில் ஏற்றுகிற துணிக்கு, 80 கிலோ உப்பு.

அந்தக் காலத்தில் சுண்ணாம்பும் ஃபெர்ரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கலரை இறக்கிவிட்டு, சுத்தம் செய்தாச்சு என்று சொல்லி நொய்யலில் விட்டோம். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும். உப்பு மட்டும் ஒரு கிராம்கூடக் குறையாது. வெள்ளியங்கிரி மலையில் கிளம்பிக் கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிற ஆறு அது. பாசனத்துக்கென்று 1992ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் எங்கள் தண்ணீர்தான் தேங்கியது. அணை கட்டினால் சந்தோஷப்பட வேண்டிய விவசாயிகள், அதைத் திறந்துவிடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிற நிலைமைக்கு வந்தார்கள்.

முதல் நன்றி அவர்களில் ஒருவருக்கு. எனக்கு முறையில் மாமா. அணைக்குக் கீழே தென்னந்தோப்பு வைத்திருந்தவர். ஆயக்கட்டு விவசாயிகள் 2003ல் எங்கள் எல்லோர் மேலும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது, வாய்தா தவறாமல் பஸ் ஏறிச் சென்னை போய் வந்தவர். அந்தச் சமயத்தில் அவர் வீட்டில் ஒரு கல்யாணம். வழக்கு வேறு, உறவு வேறு என்று நானும் குடும்பத்தோடு போயிருந்தேன். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் சமையலுக்கு லாரித் தண்ணீர் வாங்கியிருந்தார்கள். பந்தியில் என் இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "ரெண்டு லாரித் தண்ணி மாப்பிள்ளை. உன்ற கணக்குல எழுதச் சொல்லிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறு வாரம் பட்டறைக்குச் சீட்டு வந்தது. நிஜமாகவே என் பெயரில். கோபத்தோடுதான் பணம் கொடுத்தேன். ஆனால் சீட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இன்னமும் இருக்கிறது.

மாமா, எங்களைத் திருத்தியது எங்கள் மனசாட்சி என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. இல்லை. கழிவை வெளியே விடாதே என்று 2006ல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2009ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அப்போதும் நாங்கள் தவணை கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். 2011 ஜனவரி 28 அன்று எழுநூற்றுச் சொச்சம் பட்டறைகளையும் இழுத்து மூடச் சொன்ன பிறகுதான் எங்களுக்குக் காது கேட்டது. நீங்கள் எல்லாம் விட்டுக்கொடுத்திருந்தால் நாங்கள் இன்னும் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டுதான் இருப்போம்.

மூடிய மாதங்களைப் பற்றி நிறைய எழுத மனமில்லை. ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், சில பேர் கடைசி வரை திரும்பவே இல்லை. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அது போக எங்கள் பங்குக்கு நாங்கள் புரட்ட வேண்டியதும் இருந்தது. மூடிக் கிடக்கிற பட்டறையை நம்பிக் கடன் கொடுத்த பேங்க் மேனேஜர் அம்மாவுக்கு ஒரு பெரிய கும்பிடு. "ஓடாத மிஷினை அடமானம் எடுக்கிறேன், என் வேலையை ஓட்டிவிட்டுவிடாதீர்கள்" என்றார் அவர். ஒரு தவணைகூடத் தவறவில்லைங்க அம்மா.

அடுத்து, சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புத் தண்ணீரைக் காய்ச்சுகிற எவாப்பரேட்டர் பக்கம் இருக்கிற தம்பிக்கு. சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்று கோர்ட் சொன்னபோது, அது நடக்கிற காரியமா என்றுதான் நானும் கேட்டேன். முதலில் பாக்டீரியாவை விட்டு அழுக்கைத் தின்னவைத்து, அப்புறம் ஆர்.ஓ.வில் தள்ளினால் முக்கால்வாசிக்கு மேல் நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். மீதி இருக்கிற கெட்டியான உப்புத் தண்ணீர்தான் தலைவலி. அதைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். ஒரு நாள் அந்தத் தம்பி என்னைக் கூட்டிப்போய்க் குளிர்விக்கிற தொட்டியைக் காட்டினான். சாப்பாட்டு உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்ஃபேட் போட்டுச் சாயம் ஏற்றச் சொன்னது எதற்கென்று அங்கேதான் விளங்கியது. அந்த உப்பு சுமார் 32 டிகிரியில் நன்றாகக் கரையும். அதற்குக் கீழே குளிர வைத்தால் தண்ணீரால் தாங்க முடியாது, பளிங்கு மாதிரி கீழே இறங்கிவிடும். சாப்பாட்டு உப்புக்கு இந்த குணம் கிடையாது. தம்பி ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தான். சில்லென்று, கற்கண்டுத் தூள் மாதிரி. "போன வாரம் நீங்க போட்ட உப்புங்கண்ணா" என்றான்.

அது யார் போட்டதோ, எல்லோருடைய தண்ணீரும் கலந்த தொட்டிதானே. ஆனாலும் அன்றைக்கு எனக்கு மூட்டை மூட்டையாக ஆற்றில் கொட்டிய காசெல்லாம் கண்முன் வந்தது. திரும்பி வருகிற தண்ணீரும் சும்மா சொல்லக்கூடாது. கடினத்தன்மை இல்லாத தண்ணீர். முன்பு வாங்கின லாரித் தண்ணீரில் நாளுக்கொரு ஷேடு வரும், இதில் இன்று போட்ட கலரே நாளையும் வருகிறது.

இனி எங்கள் டையிங் மாஸ்டர் அண்ணனுக்கு. பக்கம் பக்கமாக எழுத வேண்டியது இவருக்குத்தான், அவரோ இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டார். சுத்திகரிப்பு நிலையத்தில் எங்கள் பங்குக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்தான் என்று கணக்கு. அதற்கு மேல் போனால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். நான் புது மிஷின் வாங்கலாம் என்று ஓடிக்கொண்டிருந்தபோது இவர் ஒரு வாரம் ஸ்டூல் போட்டு வாஷிங் நடப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வந்து, "துணி அலசுறதுல பாதி நேரம் சுத்தமான தண்ணியத்தான் வெளிய விடுறோம்" என்றார். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் வழிய வழிய அலசுகிற ஓவர்ஃப்ளோ பழக்கத்தை அன்றே நிறுத்தினார். நிரப்பு, அலசு, இறக்கு, மறுபடி நிரப்பு. கடைசி அலசல் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அடுத்த லாட்டின் முதல் அலசலுக்கு விட்டார். சாயம், அலசல் எல்லாம் சேர்த்துக் கிலோ துணிக்கு 80 லிட்டர் குடித்துக்கொண்டிருந்த பட்டறை, ஒரு திருகுகூட வாங்காமல் 60க்கு இறங்கியது. சாஃப்ட் ஃப்ளோ மிஷின் அப்புறம்தான் வந்தது. அதில் 100 கிலோவுக்கு 600 லிட்டர் போதும் என்பதால் அந்த 80 கிலோ உப்பு 48 கிலோவானது. அண்ணா, நீங்கள் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அந்த வாரம் நான் வீட்டில் புலம்பியது உண்மை. மன்னிக்க வேண்டும்.

லேபில் இருக்கிற தங்கச்சிக்கும் இதில் சரிபாதி. ஷேடு ஒத்துவராமல் ஒரு லாட்டை மறுபடி மிஷினில் ஏற்றினால் தண்ணீர், உப்பு, ஆவி எல்லாம் இரட்டிப்பு. ஐந்து கிராம் துணியில் பொறுமையாக அவர் போட்டுப் பார்க்கிற சாம்பிள்தான் இங்கே நடக்கிற மிகப் பெரிய மிச்சம்.

பாய்லர் பெரியவர் இப்போது இல்லை. ஆவிக் குழாயில் ஆவியை விடாமல் தண்ணீரை மட்டும் வடிக்கிற ஸ்டீம் ட்ராப் ஒழுகுகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு கருவியும் கிடையாது. திருப்புளியின் முனையை ட்ராப் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் நல்லது, விடாமல் சீறினால் காசு போகிறது என்று அர்த்தம். அவர் சொன்னபடி ட்ராப்களை மாற்றி, ஆவி தண்ணீராகி வடிவதைச் சூடு ஆறாமல் பாய்லருக்கே திருப்பியதில் விறகு லாரி வருகிற நாட்கள் குறைந்தன. அந்தத் திருப்புளியை இப்போது அவர் மகன் வைத்திருக்கிறார். அவர் எங்களிடம்தான் வேலை செய்கிறார்.

கிலோவுக்கு நான்கு ரூபாய் கூடக் கொடுத்த எக்ஸ்போர்ட்டர் ஐயாவுக்கும் நன்றி. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், இன்னொரு கம்பெனி இருந்தது. பசுமைச் சான்றிதழ் இரண்டு, தண்ணீர் ரிப்போர்ட் ஒன்று, தணிக்கைக்கு ஆள், எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஆந்திராப் பக்கம் ரேட் குறைவு என்று துணியை அங்கே அனுப்பிவிட்டார்கள். பெயர் வேண்டாம். சுத்தமாகச் செய் என்று சொல்வது சுலபம், அந்தச் செலவில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதுதான் கஷ்டம். ஐயா, நீங்கள் பில்லில் அந்த நான்கு ரூபாயைத் தனி வரியாகப் போடச் சொன்னீர்கள். "வாங்குறவனுக்கும் தெரியட்டும்" என்றீர்கள். அந்தத் தனி வரியைப் பார்த்துத்தான் வேறு இரண்டு பேரும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சுத்திகரிப்பு நிலையங்களில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டைகள் அடுக்கி வைத்தபடி கிடக்கின்றன. தண்ணீரைக் காய்ச்ச விறகு எரிகிறது. எங்கள் ஊர் பனியன் முதலாளிகள் காற்றாலை போட்டதே முதலில் வரிச் சலுகைக்காகத்தான். சரி, எதற்காகச் சுற்றினால் என்ன, கரண்ட் வருகிறது. இந்த உப்பு மூட்டைக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. அதை மகள் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக மறுபடி மாமாவுக்கே. ஆவணியில் பேத்தி கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டேன். ஆற்றில் கலர் வருவதில்லை, கிணற்றில் கரிப்பு முன்னைக்குக் குறைவு, ஆனால் சமையலுக்கு இன்னும் ஆகாது என்றீர்கள். அப்படியானால் இந்தத் தடவையும் லாரித் தண்ணீர்தான். சீட்டு பட்டறை விலாசத்துக்கே வரட்டுமுங்க மாமா. மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.