பன்னிரண்டு கோல் வாங்கிய பிறகு எழுதும் நன்றி மடல்

அன்புடையீர்,

கல்யாணம் முடிந்தால் நன்றி அட்டை அனுப்புவோம். செத்த வீடு என்றால் முப்பத்தோராம் நாள் வெளியிடும் கல்வெட்டு எனும் நினைவு நூலின் கடைசிப் பக்கத்தில் நன்றி நவில்வோம். மலர்வளையம் வைத்தவர், தேநீர் ஊற்றியவர், தொலைபேசியில் விசாரித்தவர் என்று ஒருவரும் விடுபடமாட்டார். உதைபந்தாட்டத்தில் தோற்றதற்கு நன்றி நவின்றவரை நான் கண்டதில்லை. ஆனால் இந்தப் பத்து நாட்களில் எனக்குச் சேர்ந்த கடன் கொஞ்சமல்ல.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோற்ற தமிழீழ அணியின் நிர்வாகத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2018 மே 31 முதல் ஜூன் 9 வரை லண்டனில் நடந்த கொனிஃபா உலக உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கு எங்கள் ஊர்ச் சங்கத்தின் முதியவர்கள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டுபோய், பதினொரு பேரையும் வீடு கொண்டுவந்து சேர்த்தவன் நான். அவ்வளவுதான் என் பங்கு. பதினொரு பேர் என்பது தற்செயல். "ஆட்டக்காரர் யாருக்காவது கால் பிடித்துக்கொண்டால் நாங்கள் இறங்குகிறோம்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

விவரம் அறியாதவர்களுக்காக: ஃபிஃபாவில் 211 சங்கங்கள் இருக்கின்றன. அந்த வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்காக 2013இல் தொடங்கப்பட்டது கொனிஃபா. நாடற்ற மக்கள், அங்கீகாரம் கிடைக்காத நாடுகள், இன்னொரு நாட்டுக்குள் சிறுபான்மையாக வாழ்பவர்கள், ஐ.நா.வில் இருக்கை இருந்தும் ஃபிஃபாவில் இடம் இல்லாத துவாலு என்று பதினாறு அணிகள் லண்டன் வந்தன. அப்போது இதன் தலைவராக இருந்த பேர்-ஆண்டர்ஸ் பிளின்ட், சுவீடனைச் சேர்ந்த, வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி இனத்தவர் (எங்கள் சாமி வேறு), பனிமான் மேய்க்கும் குடும்பத்தில் பிறந்து நடுவராக இருந்தவர். நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஊதியம் வாங்காத தொண்டர்கள். தமிழீழ அணிக்கு இந்த உலகம் புதிதல்ல. 2012இல் குர்திஸ்தானில், இதேபோல் ஃபிஃபாவுக்கு வெளியே நடந்த விவா கிண்ணத்திலும் 2014இல் சுவீடனின் எஸ்டர்சுண்டிலும் ஆடிய அணிதான்.

இம்முறை பிரிவு ஆட்டங்களில் பராவாவிடம் நான்கு, எல்லன் வன்னினிடம் இரண்டு, வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பகுதி அணியான கஸ்கேடியாவிடம் ஆறு. மொத்தம் பன்னிரண்டு. நாங்கள் போட்டது பூச்சியம். கணக்கு முடிந்தது, இனி நன்றி.

முதல் நன்றி, புரொம்லி கழகத்தின் ஹேய்ஸ் லேன் மைதானத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவருக்கு. தொடக்க ஆட்டம் அங்கேதான், வியாழன் மாலை, பராவாவுக்கு எதிராக. ஐயா, உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. தமிழ் என்பதில் உள்ள ழகரம் உங்கள் வாயில் படாத பாடு பட்டது. ஆட்டக்காரர்களின் நீண்ட பெயர்களை, ஆழம் தெரியாத ஆற்றில் கால் வைப்பவரைப்போல் மெல்ல மெல்லக் கடந்தீர்கள். அதற்கெல்லாம் குறையில்லை. அணியின் பெயரை, சனிக்கிழமை தோறும் வந்துபோகும் ஏதோ ஒரு கழகத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னீர்களே, அதற்குத்தான் நன்றி. அந்தப் பெயரை நாங்கள் முப்பது, நாற்பது வருடமாக இரண்டு விதமாகத்தான் கேட்டிருக்கிறோம்: ஒன்று முழக்கமாக, அல்லது அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில். நீங்கள் அதை வாசித்துவிட்டு, அதே குரலில், வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை உடனே எடுக்கும்படி அறிவித்தீர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரும் நகர்ந்தது.

அதே மைதானத்தின் வாயிலில் நின்ற பெரியவருக்கும் நன்றி. அப்பா இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து, ஒவ்வொரு மேசையிலும் தாம் யார், எங்கிருந்து வந்தார், அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கப்பட்டவர். அன்று வீட்டில் இருந்து புறப்படும்போதுகூடக் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "உதைபந்தாட்டம் பார்க்க எதற்கு?" என்றேன். "இந்த ஆட்டத்துக்குக் கேட்பார்கள்" என்றார். நீங்கள் டிக்கெட்டை மட்டும் கேட்டீர்கள். பிறகு கைத்தடிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, கம்பி வேலி ஓரமாக நாற்காலிகளைப் போட்டுத் தந்தீர்கள்.

புரொம்லியைச் சொல்லி மற்றவர்களை விட்டால் நன்றாக இராது. சட்டன், ஹரிங்கே, கார்ஷால்டன், ஸ்லவ், பிராக்னெல், என்பீல்ட் என்று சிறு கழகங்கள் தங்கள் வாசலைத் திறந்து விட்டிருக்காவிட்டால் இந்தப் பதினாறு அணிகளும் எங்கே ஆடியிருக்கும்? பெரிய மைதானங்களில் இடம் கிடைத்திருந்தாலும் நாற்காலி கிடைத்திராது.

அடுத்தது வேன். முன்பணம் வாங்கிக்கொண்ட வாடகை மினிபஸ் நிறுவனம் ஒன்று, அன்று காலை பத்து மணிக்கு வண்டி இல்லை என்று குறுஞ்செய்தி அனுப்பியது. அவர்களுக்கு நன்றி இல்லை. நண்பர் ஒருவர் மூலம் பிள்ளையார் கோயில் வேன் கிடைத்தது. எங்களுடையது கடற்கரைக் கத்தோலிக்க ஊர். பாசையூர் அந்தோனியாரின் பிள்ளைகள். திருநீறு, கற்பூர வாசனையோடு, முன் கண்ணாடியில் தொந்திப் பிள்ளையார் ஆடிக்கொண்டிருக்க, பதினொரு பேரும் செபமாலையைப் பிடித்துக்கொண்டு போனோம். "கோல் காப்பாளனுக்கு இப்படி உடம்பு இருந்தால் கம்பத்துக்குக் கம்பம் அடைத்துவிடலாம்" என்று அப்பா பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அறுபதுகளில் ஊர் அணிக்குக் கோல் காத்தவர். ஒல்லியாக இருந்ததுதான் அவருடைய ஆயுள் மனக்குறை. கோயில் அறங்காவலர்களுக்கும், நான்கு நாளும் ஓட்டிவந்த தம்பிக்கும் நன்றி.

அந்தத் தம்பி முதல் நாள் எங்களை இறக்கிவிட்டுக் கோயில் வேலைக்குத் திரும்பிப்போய், மீண்டும் வரத் தாமதமாகிவிட்டது. அதனால்தான் பராவாக்காரர்களோடு பேசக் கிடைத்தது. பராவா, சோமாலியாவின் தென்கரையில் இருக்கும் பழைய துறைமுக நகரம். அவர்களின் மொழி சுவாகிலியோடு உறவுடையது; சோமாலி பேசும் நாட்டில் அவர்கள் சிறுபான்மை. 1991இல் போர் வெடித்தபோது சிதறினார்கள். லண்டனுக்கும் பலர் வந்தார்கள். அந்தப் பராவாவின் பெயரில்தான் இந்தப் போட்டியே நடந்தது, அவர்கள்தான் விருந்தோம்பிகள். ஊரில் நடத்த முடியாத போட்டியை அகதியாக வந்த நகரத்தில் நடத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று, கோடை தோறும் பழைய மாணவர் சங்கப் போட்டிகளை நடத்தி மண்டை காயும் எங்களுக்குத் தெரியும்.

ரமழான் மாதம். அவர்களில் பலர் நோன்போடு நாள் முழுவதும் நின்று வேலை செய்திருக்கிறார்கள். லண்டனில் மே மாதக் கடைசியில் சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டிவிடும். வாகன நிறுத்துமிடத்தில், ஒரு காரின் பின்மூடியைத் திறந்து வைத்து நோன்பு திறந்தார்கள். வேனுக்காகக் காத்து நின்ற பதினொரு கிழவர்களையும் பார்த்துவிட்டு, தட்டை முதலில் எங்களிடம் நீட்டினார்கள். எங்களுக்கு நான்கு கோல் போட்டவர்களின் பேரீச்சம்பழம். அப்பா இரண்டு எடுத்தார். "இன்னும் இரண்டு எடுங்கள், கணக்குச் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். பராவாக்காரர்கள் சிரித்த சிரிப்பில் தட்டே சாய்ந்துவிட்டது.

பதிலுக்கு நாங்கள் கொடுத்தது மிதிவெடி. முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த றோல்ஸுக்கு ஊரில் போர்க்காலத்தில் இப்படி ஒரு பெயர் விழுந்துவிட்டது. அதைச் செய்து தந்த அன்ரிமாருக்குத் தனி நன்றி. நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்த பாதுகாவலர் "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டபோது, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த தபாலதிபர் வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டாரே, அவருக்கு அதைவிடப் பெரிய நன்றி.

இரண்டாவது ஆட்டம் எல்லன் வன்னினோடு. மான் தீவை அதன் சொந்த மொழியில் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒலிபெருக்கியில் பெயரைக் கேட்டதும் எங்கள் வரிசையில் ஒருவர் எழுந்து, "வன்னியா? வன்னி அணியா?" என்றார். அவர் பிறந்தது கிளிநொச்சி. விளக்கிச் சொன்ன பிறகும் அவர் சமாதானமாகவில்லை. இரண்டு பக்கத்துக்கும் கைதட்டினார். அவர்களின் சின்னத்தில் மூன்று கால்கள் ஒன்றாகச் சுழலும். "மூன்று காலை வைத்துக்கொண்டு இரண்டு கோல்தானா?" என்றார் அப்பா. எங்களுக்குப் பின்னால் இருந்த மான் தீவுக் குடும்பம் என்ன சிரிப்பு என்று கேட்டது, சொன்னேன். அந்த வீட்டுச் சிறுமி தன் கழுத்துத்துண்டைக் கழற்றி அப்பாவின் கழுத்தில் போட்டாள். குளிருக்கு இதம் என்றார்.

பாவம், அவர்களுக்கு அந்த இரண்டு கோல் போதவில்லை. பிரிவில் மூன்று அணிகளும் ஆறு ஆறு புள்ளிகளோடு நிற்க, கோல் வித்தியாசத்தில் எல்லன் வன்னின் வெளியேறியது. எங்கள் வலைக்குள் இன்னும் இரண்டு போட்டிருந்தால் காலிறுதி! பராவா அணியில் பின்னர் சேர்க்கப்பட்ட ஆட்டக்காரர் ஒருவர் பற்றி முறையிட்டு, கோபித்துக்கொண்டு போட்டியில் இருந்தே விலகிப்போனார்கள். பேரீச்சம்பழம் தந்தவர்களுக்கும் கழுத்துத்துண்டு தந்தவர்களுக்கும் நடந்த வழக்கு. எங்கள் வேனில் தீர்ப்புச் சொல்ல யாரும் முன்வரவில்லை.

இந்தப் போட்டியில் பச்சைக் கார்டு என்று ஒன்று உண்டு. நடுவரோடு வாதாடினால், விழுந்து நடித்தால் அதைக் காட்டுவார்கள். அந்த ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், அவருக்குப் பதில் இன்னொருவர் வரலாம். "பச்சைக் கார்டு கிடைத்தால் உள்ளேதானே விடுவார்கள்? இங்கே வெளியே அனுப்புகிறார்களே" என்று தபாலதிபர் கேட்டார். அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறான்.

ஆட்டக்காரத் தம்பிமாரே, உங்களுக்கு என்ன எழுதுவது? வேலைக்குப் போய்க்கொண்டு, ஆளுக்கொரு நாட்டில் வளர்ந்து, சேர்ந்து பழக நேரமில்லாமல் வந்து ஆடினீர்கள். ஐரோப்பிய மொழிகள் இரண்டு மூன்றில் ஒருவரையொருவர் கூப்பிட்டாலும், பந்தை இழந்தபோது திட்டியது மட்டும் தமிழில். வேலியோரம் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது, நல்ல உச்சரிப்பு. கஸ்கேடியா ஐந்தாவது கோலைப் போட்ட பிறகும் வலது பக்கத்தில் ஒருவர் ஓடி ஓடிப் பந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு இந்த மடலின் பாதி. கோல் காப்பாளருக்கு அப்பாவிடம் இருந்து ஒரு செய்தி: மூலை உதையின்போது முதல் கம்பத்தை விட்டு அரையடி வெளியே நில்லுங்கள்.

"இந்தப் பன்னிரண்டு கோலுக்காகவா இவ்வளவு செலவு?" என்று கேட்டவர்கள் எங்களிடையே இருந்தார்கள். அணியின் பெயரே பிடிக்காமல், ஆனாலும் வந்து பார்த்த நண்பர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் நன்றி. அரசியல் இல்லை, விளையாட்டு மட்டுமே என்று கொனிஃபா சொல்வது ஒரு மரியாதைக்கு. அப்பெயரை வாய்விட்டுச் சொல்வதே அரசியல்தான் என்பது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். செலவைக் கேட்டவருக்கு அப்பா வேறொரு பதில் சொன்னார். 2014இல் எஸ்டர்சுண்டில் சூடானின் டார்பூர் அணிக்கு எங்கள் அணி பத்துக் கோல் போட்டது. சாட் நாட்டின் அகதி முகாம்களில் இருந்து வந்த இளைஞர்கள் அவர்கள். நான்கு ஆட்டங்களில் அறுபத்தொரு கோல் வாங்கினார்கள். "அந்தப் பத்துக்கு நீ கைதட்டினாயா? அப்படியென்றால் இந்தப் பன்னிரண்டையும் பேசாமல் வாங்கிக்கொள்" என்றார்.

அதன்பின் நடந்த ஆட்டங்களுக்கு என்னால் போக முடியவில்லை, விடுப்பு தீர்ந்துவிட்டது. விடுப்புத் தந்த மேலாளருக்கு நன்றி. இறுதியாட்டம் சனிக்கிழமை என்பதால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்பீல்டில் வட சைப்ரஸும் கார்பதல்யாவும். வட லண்டன் முழுவதும் துருக்கிய சைப்ரியர்கள் என்பதால் மைதானமே அவர்கள் ஊர்த் திருவிழாபோல இருந்தது. கார்பதல்யா, உக்ரைனின் மேற்கு மூலையில் வாழும் ஹங்கேரியர்களின் அணி. ஸ்லோவாக்கியாவின் ஹங்கேரியர் அணியான ஃபெல்விதேக் வரமுடியாமல் போனதால் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து, பெனால்டியில் மூன்றுக்கு இரண்டு என்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். அவர்களை விசாரிக்க வேண்டும் என்று உக்ரைன் விளையாட்டு அமைச்சர் சொன்ன செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிண்ணத்தோடு வீடு திரும்புபவர்களிடமும் அத்தாட்சி கேட்கிறார்களா என்றார்.

வேன் எரிபொருள், டிக்கெட், தேநீர் போக மீதமிருந்த பதினெட்டுப் பவுண் கோயில் உண்டியலில் போடப்பட்டது. அந்தோனியாரிடம் இதுபற்றி யாரும் சொல்லவேண்டாம். வேனின் பின் இருக்கையில் ஒரு கறுப்புக் குடையும் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றும் கிடக்கின்றன. உரியவர்கள் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். மான் தீவுச் சிறுமியின் பெற்றோர் இந்த மடலைக் காண நேர்ந்தால், அந்தக் கழுத்துத்துண்டு பத்திரமாக இருக்கிறது. திருப்பி அனுப்புவதற்காகத் தோய்த்துக் காயப்போட்டேன். காய்ந்ததும் அப்பா எடுத்துப் போட்டுக்கொண்டார், இன்னும் கழற்றவில்லை.