ரோம் செலவுக் கணக்கு

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய எக்செல் பட்டியல் வந்து சேர்ந்தது. போனில் பார்த்தால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. ஜங்ஷன் இ-சேவை மையத்தில் கொடுத்து இரண்டு தாளில் பிரிண்ட் எடுத்து வந்தேன். அந்தப் பையன் தாளைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரோமாபுரிக்கா?" என்றான். மகன் கூட்டிக்கொண்டு போகிறான் என்றேன். அவன் கேட்டான், சொன்னேன். பக்கத்தில் ஆதார் திருத்த வந்து நின்ற இரண்டு பேரும் கேட்கவில்லை, அவர்களுக்கும் சொன்னேன். கொஞ்சம் அதிகம்தான். சரி, போகட்டும்.

முப்பத்தோரு வருடம் மற்றவர்கள் கணக்கில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்கினவன் நான். சிவப்புப் பேனா இல்லாமல் உன் கணக்கைப் பார்க்க எனக்கு வரவில்லை. கோபப்படாதே. கூட்டல் எல்லாம் சரியாக இருக்கிறது. நீ சின்ன வயதில் கூட்டலில் தப்பு விட்டதே இல்லை, விட்டுப்போனதைத்தான் பார்க்க மாட்டாய். இதிலும் சிலது விட்டுப்போயிருக்கிறது.

முதலாவது, தங்குமிட வரி. ரோமில் ஓட்டல் வாடகை தனி, மாநகராட்சி வரி தனி. ஆளுக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு என்று காலி செய்யும்போது கவுண்டரில் கேட்பார்கள். நீ பார்த்திருக்கும் மூன்று நட்சத்திர ஓட்டலுக்கு ஆளுக்கு 6 யூரோ. மூன்று பேர், ஆறு ராத்திரி, 108 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டின பிறகு பெருக்கல் சுலபமாகிவிட்டது, வயிறுதான் எரிகிறது. பத்தாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு மேல் உன் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

மூன்று பேர் என்றுதான் எல்லா வரியிலும் போட்டிருக்கிறாய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15ஆம் தேதி வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அப்போது நம் பங்கிலிருந்து போய்வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். மிச்சம் யூடியூப். உன் அம்மை சீரியல் பார்க்கிற நேரத்தில் நான் திண்ணையில் உட்கார்ந்து ரோம் பார்க்கிறேன்.

போய்வந்தவர்களில் ஒருவருக்கு ஸ்டேஷனிலிருந்து வத்திக்கான் போகிற பஸ்ஸில் பர்ஸ் போய்விட்டது. பின்பாக்கெட்டில் வைத்திருந்தாராம். காசை ஒரே இடத்தில் வைக்காதே. பாஸ்போர்ட் ஒரு பையில், கார்டு ஒரு பையில், சில்லறை சட்டையில். பின்பாக்கெட் கூடவே கூடாது.

இரண்டாவது, தண்ணீர். ஒரு நாளைக்குத் தண்ணீர் பாட்டிலுக்கென்று தனியாக ஆறு யூரோ போட்டிருக்கிறாய். அதை அடித்துவிட்டேன். ரோம் தெருக்களில் சுமார் 2,500 குழாய்கள் இருக்கின்றன, ராத்திரி பகலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், குடிக்கலாம். குழாய் வளைந்திருப்பதால் பெரிய மூக்கு என்று அவர்கள் பாஷையில் பெயராம். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் இங்கிருந்தே கொண்டுவருகிறோம். தண்ணீர் வாங்காதே. காபியும் உட்கார்ந்து குடிக்காதே. நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலையாம். உன் அம்மைக்கு முட்டுவலி, அவள் உட்காரட்டும், நாம் நின்றுகொள்வோம்.

மூன்றாவது, சென்னை. விசாவுக்குக் கைரேகை வைக்க நாங்கள் இருவரும் நேரில் போக வேண்டும். விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ போட்டிருக்கிறாய், 30,000 யூரோவுக்கு இன்ஷூரன்ஸும் போட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் நாகர்கோவிலிலிருந்து சென்னை போய்வர ரயில், ஒரு நாள் லாட்ஜ், ஆட்டோ? அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பென்ஷன் சும்மாதான் கிடக்கிறது. எல்லாவற்றையும் நீயே தலையில் போட்டுக்கொள்ளாதே.

இனி ஏர்போர்ட் வரி. ஏர்போர்ட்டிலிருந்து நடு ஊர் ஸ்டேஷனுக்கு நேர் ரயில், ஆளுக்கு 14 யூரோ, மூன்று பேருக்கு 42 என்று போட்டிருக்கிறாய். டாக்சிக்கு ரோமின் பழைய மதிலுக்குள் எங்கே போனாலும் ஒரே கட்டணம், 55 யூரோ. அது வண்டிக்கு, ஆளுக்கல்ல. மூன்று பேர் என்றால் ரயில்தான் லாபம், சந்தேகமில்லை. நாலு பேர் என்றால், அதே ஆளுக்கு 14 வீதம் ரயில் 56. அப்போது டாக்சி ஒரு யூரோ குறைவு, பெட்டியும் தூக்க வேண்டாம். இதைச் சும்மா சொன்னேன், கணக்குக்காக.

கொலோசியத்துக்கு ஆளுக்கு 18 யூரோ, 54 என்று இருக்கிறது. அது சரி. பக்கத்தில் இருக்கும் பழைய மன்றமும் குன்றும் அதே டிக்கெட்டில் அடக்கம், தனியாகக் காசு வைக்க வேண்டாம். ஆனால் ஒன்று கவனித்துக்கொள். அந்த டிக்கெட் இப்போது பெயர் போட்டுத்தான் தருகிறார்கள். வாசலில் பாஸ்போர்ட்டை வைத்து ஒத்துப்பார்ப்பார்கள். டிக்கெட் எடுக்கும்போதே யார் யார் என்று பெயர் கொடுத்தாக வேண்டும். அப்புறம் போய் இன்னொரு ஆளைச் சேர்க்கிறேன் என்றால் அதே நேரத்துக்கு இடம் இருக்குமோ இருக்காதோ. யோசித்துச் செய்.

மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம், கடைசி ஞாயிறு வத்திக்கான் மியூசியம் இலவசம் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் கூட்டம் தெருவைச் சுற்றி நிற்குமாம். மியூசியத்துக்கு ஆளுக்கு 20 யூரோவும் முன்பதிவுக்கு 5 யூரோவும் கொடுத்துவிடு. உன் அம்மையை இலவசத்துக்காக மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்த முடியாது, ஞாயிறு பூசையை விடவும் அவள் சம்மதிக்க மாட்டாள். பேதுரு கோயிலுக்குள் போகக் காசு கிடையாது. மேலே கோபுரம் ஏறுகிற ஆசையை விட்டுவிடு. 551 படி. லிப்டில் போனாலும் 320 படி மிச்சம் இருக்கும். இங்கே குருசடி மேட்டில் ஏறும்போதே அவள் இரண்டு தடவை உட்காருகிறாள். அங்கே புனிதப் படி என்று ஒன்று இருக்கிறதாம், 28 படி, முழங்காலில்தான் ஏற வேண்டும். அதை அவளிடம் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்தால் ஏறிவிடுவாள்.

அவள் உண்மையில் ஆசைப்படுவது வேறு. உன் பட்டியலில் அது இல்லை. யேசு கோயில் என்று ரோமின் நடுவில் ஒரு கோயில். சவேரியாருடைய உடல் கோவாவில் இருக்கிறது, வலது கை மட்டும் 1614இல் ரோமுக்குக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் 1544இல் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கை. "நம்ம கோட்டாத்துல நடந்த மனுசன், கை மட்டும் அங்க போய் தனியா இருக்கே" என்று உன் அம்மை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உள்ளே போகக் காசு இல்லை, மத்தியானம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விட வேண்டும். பட்டியலில் ஒரு வரி சேர்த்து எதிரே 0 என்று போடு. காசு இல்லாத வரியும் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரம் ஒதுக்க மாட்டாய்.

தண்ணீர் வாங்காதே என்று எழுதினேனா? எழுதிவிட்டேன்.

இப்போது அந்த மூன்று.

முதலில் நீ சொன்னது என்ன? நாங்கள் உன் வீட்டுக்கு வருவது, பத்து நாள் இருப்பது, அங்கிருந்து எல்லாருமாக ரோம் போவது. உன் அம்மை அந்தப் பத்து நாளுக்கு என்னென்ன சமைக்க வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டாள். இப்போது வந்திருக்கிற பட்டியலில் திருவனந்தபுரம், ரோம், திரும்பத் திருவனந்தபுரம். நீ அங்கே வந்து சேர்ந்துகொள்வாய். விமானக் கட்டணம் குறையும் என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறாய். குறையும், நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரூம் வரியில் ஒரு டபுள், ஒரு சிங்கிள். சாப்பாடு மூன்று பேர், ஆளுக்கு 35 யூரோ, ஆறு நாள், 630.

போன மாதம் நீ வீடியோவில் பேசியபோது உன் பின்னால் தெரிந்த சுவர் நான் முன்னால் பார்த்த சுவர் இல்லை. அதற்கப்புறம் வெறும் ஆடியோதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மருமகள் உன் அம்மைக்குப் போன் செய்வது வழக்கம். அதுவும் வந்து நாலு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி போட்டிருப்பார்கள் என்று உன் அம்மை சொல்கிறாள். நானும் இருக்கும் என்றேன். பட்டியலின் இரண்டாம் தாளை நான் அவளுக்குக் காட்டவில்லை. மருமகளுக்கு முந்திரிக்கொத்து செய்யச் சிறுபயறு இரண்டு கிலோ வாங்கிக் காயப்போட்டிருக்கிறாள். பாலும் இறைச்சியும் சேர்ந்தது ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், முந்திரிக்கொத்தில் இரண்டும் இல்லை, கொண்டுவரலாம் என்று நானே அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பட்டியலைச் சரியாகப் பார்த்தேன்.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை மக்களே. கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு.

1998இல் எனக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. அப்போது உனக்கு ஒன்பது வயது. மாற்றல் வந்தது உண்மை. அதை மனு எழுதிக் கேட்டு வாங்கினவன் நான் என்பது உனக்குத் தெரியாது. உன் சித்தப்பா கடைக்கு நான் ஜாமீன் நின்றதும், அதில் உன் அம்மையின் வளையல் போனதும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன் என்பது அந்தக் கதையில் வராது. அவள் கத்தவில்லை, அழவில்லை. பீரோ சாவியை என் கையில் கொடுத்து, நீங்களே வச்சுக்கிடுங்க என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் மனு எழுதினேன். பதினோரு மாதம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜ் ரூமில் இருந்தேன். எண்பது கிலோமீட்டர் தூரம்தான். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆபீசில் வேலை அதிகம் என்று உங்களிடம் சொன்னேன்.

சனிக்கிழமை தோறும் அல்வா வாங்கிக்கொண்டு வருவேன். ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது நீ வாசலில் வந்து நிற்க மாட்டாய், உள்ளேயே இருந்துகொள்வாய். இன்றைக்கும் நீ அல்வா தொடுவதில்லை. இனிப்பு பிடிக்காத பிள்ளை என்று உன் அம்மை எல்லாரிடமும் சொல்கிறாள். முந்திரிக்கொத்தை மட்டும் எப்படித் தின்கிறாய் என்று அவள் யோசித்ததில்லை.

அந்தப் பதினோரு மாதமும் ஒரு நோட்டில் செலவு எழுதினேன். பழக்கம், விட முடியாது. மெஸ், ஒரு ஆள். பால், கால் லிட்டர். ஆபீசில் யாராவது குடும்பம் எங்கே என்று கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். கால் லிட்டர் பாலை என்ன சொல்லிச் சமாளிப்பது? அந்த நோட்டு உன் அம்மை கையில் கிடைத்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்துவிட்டாள். டிசம்பரில் சவேரியார் திருவிழாவுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. லீவு போட்டேன், மறுபடி மனு எழுதினேன், பழைய இடத்துக்கே வந்தேன். அவள் சோறு போட்டாள், சாப்பிட்டேன். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலே சரியாகிவிட்டது என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பட்டியலைப் பார்த்த ராத்திரி எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் வாயைத் திறக்காமல் கணக்கு மட்டும் எழுதுவதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

நான் தப்பாகவும் படித்திருக்கலாம். மருமகளுக்கு லீவு கிடைக்காமல் இருக்கும், நீ சொல்ல மறந்திருப்பாய். அப்படி என்றால் இந்தக் கிழவனைப் பார்த்துச் சிரித்துவிடு, எனக்குச் சந்தோஷம்தான்.

பட்டியலைத் திருத்தி அனுப்பு. தங்குமிட வரியைச் சேர், தண்ணீரை எடு, சென்னையை என் பெயரில் எழுது, யேசு கோயிலுக்கு 0 போடு. ஆட்களின் எண்ணிக்கையை நான் திருத்தவில்லை. மூன்று என்றால் மூன்றாகவே இருக்கட்டும், உன் அம்மைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நாலு என்றால் டாக்சி பிடிப்போம். கொலோசியம் டிக்கெட்டை மட்டும் இப்போது எடுக்காதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் அம்மை அன்பியக் கூட்டத்துக்குப் போவாள். இங்கே ஆறரையிலிருந்து எட்டு மணி வரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா