சர்வர்ல கைய வைக்கிறது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கிளவுட் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைல, சர்வர் செட்டப்பெல்லாம் இப்போ தானாவே நடந்துடுது, ஆளே வேணாம்னு ஒரு வரி இருந்துச்சு. அந்த வேலையிலயே கெடக்குறவன் சொல்றேன், அது பாதிதான் உண்மை.

சர்வர் செட்டப்ப தானா செய்யற சாஃப்ட்வேர்ல அன்சிபிள் 2012ல வந்துச்சு, டெர்ராஃபார்ம் 2014ல. பழைய ஸ்கிரிப்ட்ல இத செய், அப்புறம் அத செய்னு வரிசையா எழுதுவோம், இதுல சர்வர் கடைசியில எப்படி இருக்கணும்னு எழுதி வச்சா போதும், ஏற்கனவே அப்படித்தான் இருக்குன்னா அது தொடாது, பத்து தடவ ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது. (அன்சிபிள்ல இப்படி எழுதி வைக்கிற ஃபைலுக்கு பிளேபுக்னு பேரு, யாமல்ங்கற வடிவத்துல எழுதணும், அதுல ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போயி அரை நாள் போனது தனிக் கதை.)

பிரச்சனை எங்கன்னா நம்ம கைதான். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு போன், பெரிய ரிப்போர்ட் எடுத்தா 504 எரர் (பதில் வர லேட்டாச்சுங்கற எரர்) வருதுன்னு. வர்ற ரிக்வெஸ்ட்ட வாங்கி அப்ளிகேஷனுக்கு அனுப்புற என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர்ல, பின்னாடி இருக்க அப்ளிகேஷனுக்காக காத்திருக்கற நேரம் சும்மா விட்டா 60 செகண்ட்தான், நான் நேரா சர்வருக்குள்ள போயி 300னு மாத்தி ரீலோட் பண்ணிட்டு படுத்துட்டேன், பிளேபுக்ல மாத்தணும்னு நெனச்சேன், மறந்தாச்சு. மூணு வாரம் கழிச்சு வேற எதுக்கோ பிளேபுக்க ஓட்டினாங்க, அது அதோட வேலைய ஒழுங்கா பாத்து என் 300ஐ அழிச்சிட்டு பழையபடி 60 ஆக்கிடுச்சு, திரும்ப 504. எதையும் மாத்தாம ஒத்திகை பாக்குற செக் மோட்ல, என்ன மாறும்னு காட்டுற டிஃப் போட்டு பாத்திருந்தா அந்த ஒரு வரி கண்ணுல பட்டிருக்கும்.

எங்களுக்கு ரிப்போர்ட்டோட போச்சு. 2012 ஆகஸ்ட் 1ம் தேதி அமெரிக்காவுல நைட் கேப்பிடல்னு ஒரு பங்கு வர்த்தக கம்பெனி, எட்டு சர்வர்ல ஏழுல மட்டும் புது கோட் போயிருக்கு, எட்டாவத ஆளு விட்டுட்டாரு, அதுல கெடந்த பழைய கோட் முழிச்சிக்கிட்டு 45 நிமிஷத்துல 40 கோடி டாலருக்கு மேல நஷ்டம். கையால காப்பி பண்ணா இப்படித்தான் ஒண்ணு விட்டுப்போகும், அதே நேரம் பிளேபுக்ல தப்பா எழுதினா எட்டுலயும் தப்பாத்தான் போகும்ங்கறதையும் சேத்தே சொல்லிடுறேன், அதனாலதான் முதல்ல ஒரே ஒரு சர்வர்ல விட்டு பாத்துட்டு அப்புறம் மத்ததுக்கு போறோம்.

இப்போ எங்க செட்டிங் இருக்கற கான்ஃபிக் ஃபைல் ஒவ்வொண்ணுலயும் மேல "இது அன்சிபிள் எழுதினது, கையால மாத்தாதீங்க"ன்னு ஒரு வரி இருக்கு. போன வாரம் அந்த வரிக்கு நேர் கீழயே ஒருத்தர் கையால மாத்தியிருந்தாரு, யாருன்னு லாகின் லாக்க தேடிப்பாத்தா நான்தான்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் அட்மின்