ஜூலை 4-க்கு இரண்டு நாள் முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கச் சுதந்திரத்தின் 250-வது ஆண்டுக்கு நீங்கள் போட்ட சிறப்புப் பக்கத்தை முழுசாகப் படித்தேன். ஜெபர்சன், பிலடெல்பியா, வாணவேடிக்கை எல்லாம் இருந்தது, சரி. ஆனால் அதற்கு இரண்டே நாள் முன்னால் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு நாளுக்கு 80 வருஷம் நிறைந்தது, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1946 ஜூலை 2-ல் அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்ட லூஸ்-செல்லர் சட்டத்தைத்தான் சொல்கிறேன். அதற்கு முன் இந்தியர்கள் அங்கே குடியேற 1917-லிருந்தே தடை. பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபிக்காரர் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், அவருக்கே வெள்ளையர் கணக்கில் வரமாட்டார் என்று சொல்லி 1923-ல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை இல்லை என்றுவிட்டது. 1946 சட்டம் கதவைத் திறந்தது, ஆனால் மொத்த இந்தியாவுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 100 பேர்! எங்கள் அல்சூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்காருகிற கூட்டம்.

அந்த நூறு பேர் கணக்கை ஒழித்தது 1965 அக்டோபர் 3-ல் அதிபர் ஜான்சன் சுதந்திர தேவி சிலையின் காலடியில் கையெழுத்திட்ட சட்டம். அதே வருஷம் மார்ச்சில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து செல்மா ஊர்ப் பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள் தடியடி பட்டார்களே, அந்தப் போராட்ட அலைதான் இதற்கும் வழிவிட்டது. அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

என் சித்தப்பா 1972-ல் கிளம்பினார். பாட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்புப் பொடியை அழுத்தி அடைத்து, மூடியைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியை இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். அப்புறம் வந்த நீல ஏரோகிராமில் முதல் வரியே, பொடி சிந்தாமல் வந்து சேர்ந்தது என்பதுதான். சித்தப்பா கெட்டிக்காரர், அதனால் போனார் என்றே வீட்டில் இன்றும் பேசுகிறோம். பத்து வருஷம் முன்னால் கிளம்பப் பார்த்திருந்தால் அதே கெட்டிக்காரர் அந்த நூறு பேருக்குள் இடம் கிடைக்காமல் இங்கேயே நின்றிருப்பார்.

இன்று கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள், வருஷா வருஷம் தருகிற கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால்தான் அந்த வரிசை இவ்வளவு நீளம். இந்தக் கதை அவர்களுக்கும் தெரியவேண்டும். அக்டோபர் 3 வருகிறது, தயவுசெய்து அன்றைக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு