படத்தின் பெயர் மட்டும் போதாது, காட்சியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிச்சறுக்கு, மலையேற்றப் படங்களில் தங்களுக்குப் பிடித்தவற்றை வாசகர்கள் பகிர்ந்திருந்த பக்கங்களைப் படித்தேன். தேர்வுகளில் குறை இல்லை. ஆனால் பெரும்பாலோர் படத்தின் பெயரைச் சொல்லி, 'பிரமாதம்', 'மெய்சிலிர்க்கும்' என்பதோடு நிறுத்திவிட்டார்கள். எந்தக் காட்சி, அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால், புதிதாகப் பார்ப்பவருக்கு எல்லாப் படமும் ஒன்றுபோலத்தான் தெரியும்: வெள்ளை மலை, பளிச்சென்ற உடை, அதிரும் இசை.

முதலில் சரிவு. ஹெல்மெட் கேமராவின் அகன்ற லென்ஸ் எந்தச் சரிவையும் தட்டையாக்கிவிடும். 45 டிகிரி சரிவுகூட அதில் சாதாரண மேடு போல இருக்கும். எதிர்மலையிலிருந்து, தொலைவை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தாலோ, அதே சரிவு சுவராக நிமிர்ந்து நிற்கும். இரண்டையும் அப்படியே நம்பக் கூடாது. பக்கவாட்டில் எடுத்த ஷாட் வந்தால்தான் உண்மையான கோணம் தெரியும். அப்படி ஒரு ஷாட்டே இல்லையென்றால், சறுக்குபவரின் மலைப்பக்கக் கையைப் பாருங்கள். அவர் நிமிர்ந்து நிற்கும்போதே அந்தக் கை பனியைத் தொடுமளவுக்கு இருந்தால், சந்தேகமே வேண்டாம், அது செங்குத்துதான்.

அடுத்து, அவரோடு கூடவே இறங்கும் பனி. செங்குத்துச் சரிவில் ஒவ்வொரு திருப்பத்திலும் மேற்பனி உதிர்ந்து பின்னாலேயே ஓடிவரும். ஸ்லஃப் என்பார்கள். தேர்ந்தவர் மூன்று நான்கு திருப்பங்கள் போட்டதும் ஓரமாக ஒரு முகட்டுக்கு ஒதுங்கி, அதை முன்னே போகவிட்டு, மறுபடி இறங்குவார். ஒதுங்கத் தவறினால் அது காலை வாரிவிடும். பாறையிலிருந்து குதிப்பதையும் குட்டிக்கரணத்தையும் எல்லோரும் பாராட்டுகிறார்கள், இந்த ஒதுங்கலை யாரும் எழுதவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். இசையை வைத்து வேகமாக வெட்டித் தள்ளும் படங்களில் முதலில் காணாமல் போவதும் இதுதான். அதனால் உச்சியிலிருந்து அடிவாரம்வரை வெட்டாமல் காட்டும் ஒரு ஷாட்டாவது உள்ள படத்துக்கே என் ஓட்டு.

ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்பவர்களுக்கு 1975இல் வந்து ஆஸ்கர் வாங்கிய 'தி மேன் ஹூ ஸ்கீட் டவுன் எவரெஸ்ட்' என்ற ஆவணப்படத்தைச் சொல்வேன். ஜப்பானியரான யூய்ச்சிரோ மியுரா 1970 மே 6 அன்று சறுக்கி இறங்கியதைப் பற்றியது. தலைப்பைப் பார்த்து உச்சியிலிருந்து இறங்கினார் என்று எண்ணிவிட வேண்டாம். புறப்பட்ட இடம் சுமார் 7,900 மீட்டர் உயரத்தில், உச்சிக்குக் கீழே உள்ள தென் கணவாய். வேகத்தைக் குறைக்க பாராசூட் கட்டியிருந்தார். காற்று அடர்த்தி குறைந்த அந்த உயரத்தில் அது போதுமான அளவுக்கு இழுத்துப் பிடிக்கவில்லை. கீழே இருந்ததோ இறுகிய பனிக்கட்டி. விழுந்தவர் சுமார் 400 மீட்டர் சரிந்துபோய், பெரும் பனிப்பிளவு ஒன்றுக்குச் சற்று முன்னால் நின்றார். அந்த இறக்கம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். படத்தின் பெரும்பகுதி அதற்கு முந்தைய நெடும்பயணம். அந்தப் பயணத்தில் எவரெஸ்ட் ஏறும் பாதையில் உள்ள கும்பு பனியருவியில் ஆறு ஷெர்பாக்கள் இறந்தார்கள். இதைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் பரிந்துரைப்பது நியாயமில்லை.

கருவி எப்படி மாறியது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்கலாம். 1988இல் கிரெக் ஸ்டம்ப் எடுத்த 'தி பிளிஸ்ஸர்ட் ஆஃப் ஆஹ்ஸ்' ஒன்று. 2013இல் வந்த 'மெக்கான்கி' மற்றொன்று. முதல் படத்தில் ஸ்கீக்கள், அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகைகள், நீளம், ஒல்லி, கிட்டத்தட்ட நேர்க்கோடு. அதனால் ஆழமான பனியில் மேலும் கீழும் எழும்பி எழும்பித்தான் திரும்ப முடியும். இரண்டாவது படத்தின் நாயகனான பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி அந்த வடிவத்தையே தலைகீழாக்கினார். நடுப்பகுதி அகலம், முனைகள் ஒடுக்கம், இரு நுனியும் மேல்நோக்கி வளைவு. தூள்பனியில் அது படகு போல மிதக்கும், பக்கவாட்டிலும் வழுக்கும். திரும்பும் முன் ஸ்கீ குறுக்காக வழுக்கி வேகம் தணிகிற அந்த நொடியைக் கவனியுங்கள். பழைய ஸ்கீயில் அது நடக்காது. ஆனால் சிறுவர்களோடு பார்ப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மெக்கான்கி 2009 மார்ச் 26 அன்று இத்தாலியின் டோலமைட் மலையில் ஸ்கீயோடு பாறையிலிருந்து குதித்து, நடுவானில் அதைக் கழற்றிவிட்டுப் பாராசூட்டில் இறங்க முயன்றபோது, ஒரு ஸ்கீ கழன்றுகொள்ளாமல் போனதால் இறந்தார். படம் அதையும் பேசுகிறது.

மலையேற்றப் படங்களில் 2015இல் வந்த 'மேரு'வைப் பலர் சொல்லியிருந்தார்கள், மகிழ்ச்சி. இமயமலையின் மேரு சிகரத்தில், 2008இல் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் இருக்கும்போது திரும்பி, 2011இல் ஏறி முடித்த கதை. இடையில், ஏறியவர்களில் ஒருவரான ரெனான் ஓஸ்டர்க்குக்கு மண்டையோடு உடைந்தது ஒரு பனிச்சறுக்குப் படப்பிடிப்பில். இந்தப் படங்கள் எடுப்பவர்களிடம் எதை விலையாகக் கேட்கின்றன என்பது அங்கே தெரியும்.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் கிளம்புகின்றன. கேமராவுக்குப் பிடித்த சரிவும் அதேதான். எனவே பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சமிக்ஞைக் கருவி) சோதனையைக் காட்டும் படமா என்பதையும் பட்டியலில் குறித்தால் நல்லது. பனிக்குள் புதைந்தவரை 10–15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். ஒவ்வொருவர் உடம்பிலும் பீக்கனும், முதுகுப்பையில் துழாவுகோலும் மண்வாரியும் இருப்பது அதற்காகத்தான்.

ஸ்லோ மோஷனுக்கும் ஒரு வார்த்தை. நொடிக்கு 120 பிரேம் எடுத்து 24 பிரேமில் ஓட்டினால் ஐந்து மடங்கு மெதுவாகத் தெரியும். இறங்கும்போது முழங்காலில் விழும் அடி அதில் மறைந்துவிடும். அதே குதிப்பை இயல்பான வேகத்திலும் காட்டுகிற படமே நேர்மையான படம்.

கடைசியாக, தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு: 'விவிட்' முறையை அணைத்துவிட்டு 'சினிமா' முறைக்கு மாற்றுங்கள். விவிட்டில் வெள்ளை வெளிறிப்போய், பனியின் மேல் காற்று வரைந்த கோடுகளும் பழைய தடங்களும் அழிந்துவிடும். அசைவை வழவழப்பாக்க இடையிடையே செயற்கைப் பிரேம்களைச் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் தெறிக்கும் பனித்தூள் திட்டுத்திட்டாகக் கலங்கித் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்