காப்பகங்கள் இருக்கின்றன, வழி சொல்லத்தான் ஆளில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சென்னையில் மழைநீர் வடிகால், தாழ்வான சாலைகள், மோட்டார் பம்புகள் ஆகியவற்றைப் பற்றி ஆண்டுதோறும் விரிவாகப் பேசப்படுகிறது. நடைபாதையில் உறங்குவோர் அந்த இரவுகளில் எங்கே போவார்கள் என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. அவர்களுக்காக இந்த நகரத்தில் எதுவுமே செய்யப்படவில்லை என்று குறை கூறுவதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. செய்யப்பட்டவை பல இருந்தும், அவை தேவைப்படுவோரிடம் போய்ச் சேராமல் நிற்பது ஏன் என்பதைத் தங்கள் வாசகர்களும் மாநகராட்சி நிர்வாகமும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 இல் பிறப்பித்த உத்தரவுகள், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு வீடற்றோருக்கான ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் பகலிலும் இரவிலும் இயங்கும்படி அமைக்கச் சொல்கின்றன. 2013 இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல்கள் அதே அளவுகோலை ஏற்றுக்கொண்டு, ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் இடம் வேண்டும் என்றும், அது ரயில் நிலையம், பேருந்து நிலையம், மொத்தச் சந்தை போன்ற, வீடற்றோர் பிழைப்பு நடத்தும் இடங்களுக்கு அருகிலேயே அமைய வேண்டும் என்றும் கூறின. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படியே ஏறத்தாழ 67 லட்சம். அந்தக் கணக்கில் குறைந்தது 67 காப்பகங்களும் 6,700 பேருக்கான இடமும் இருந்தாக வேண்டும். அதற்குப் பின் நகரம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது அனைவரும் அறிந்ததே.

மாநகராட்சி காப்பகங்களை நடத்தாமல் இல்லை. ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர் சிறுமியருக்கு, முதியோருக்கு, மனநலம் பாதிக்கப்பட்டோருக்கு என்று தனித்தனியாக, பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களின் பொறுப்பில் அவை இயங்கி வருகின்றன. அரசுப் பொது மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளுடன் வருவோர் தங்குவதற்கென்றும் காப்பகங்கள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நோயாளியை அழைத்துக்கொண்டு வந்து, வார்டுக்குள் இடமில்லாமல் வாரக்கணக்கில் வெளியே படுத்துக் கிடப்பவர்களையும் அந்த நாட்களில் வீடற்றவர்களாகவே கருத வேண்டும் என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு அது. பாராட்டத்தக்கது.

ஆனால் ராயபுரம், பாரிமுனை, சௌகார்பேட்டை பகுதிகளின் நடைபாதைகளில் வாழ்வோரில் பெரும்பகுதியினர் தனி ஆட்கள் அல்லர். அவர்கள் குடும்பங்கள், அவர்களில் சிலர் இரண்டு, மூன்று தலைமுறைகளாக அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். பலரிடம் அதே தெரு முகவரியில் வாக்காளர் அட்டையும் குடும்ப அட்டையும்கூட இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு குடும்பத்திடம் போய், கணவன் ஆண்கள் காப்பகத்துக்கும், மனைவி பெண்கள் காப்பகத்துக்கும், பத்து வயதைக் கடந்த மகன் சிறுவர் காப்பகத்துக்கும், பாட்டி முதியோர் காப்பகத்துக்கும் போகலாம் என்று சொன்னால் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? மழையில் நனைந்தாலும் ஒன்றாகவே இருக்கிறோம் என்பார்கள். 'கூப்பிட்டாலும் வர மறுக்கிறார்கள்' என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் நாம் இருந்தாலும் மறுத்திருப்போம். குடும்பங்களுக்கான தனிக் காப்பகம் என்பது மத்திய அரசின் அந்த வழிகாட்டுதல்களிலேயே சொல்லப்பட்ட ஒன்றுதான். வட சென்னையில் அத்தகையவை போதிய எண்ணிக்கையில் அமைந்தால், பிற காப்பகங்களைத் திறப்பதைவிட அதிகம் பேர் பயனடைவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நிரந்தர வீடு ஒதுக்குவதே தீர்வு என்று சிலர் வாதிடக்கூடும். வீடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கே என்பதுதான் சிக்கல். முன்பு குடிசை மாற்று வாரியம் என்றும் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்றும் அழைக்கப்படும் அமைப்பு, நகரத்துக்குள் இருந்த ஏழைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய வரலாறு நாம் அறிந்தது. பாரிமுனையிலிருந்து அவ்விடங்கள் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. காசிமேட்டு மீன் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. அங்கே கூடை எடுத்து விற்கும் பெண்ணுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசப் பயணம் இருக்கிறது என்பது உண்மையே; அந்த நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பேருந்து வேண்டுமே! பிழைப்பும் வீடும் இவ்வளவு தொலைவில் பிரிந்து நின்றால், வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்புவார்கள். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று பேசுவோர், தங்கள் அலுவலகத்துக்கு அருகில் வாடகை வீடு தேடி அலைந்த நாட்களை நினைத்துப் பார்க்கலாம்.

மனநலம் பாதிக்கப்பட்டு வீதியில் அலைவோர் நிலை இதிலிருந்து வேறுபட்டது. இங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100 ஆம் பிரிவு, அத்தகையவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்வதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமையாக்குகிறது. அவர் வீடற்றவர் என்றால், காணாமல் போனவராக வழக்குப் பதிவு செய்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். அவரைக் காவல் நிலையத்தில் அடைத்து வைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 1794 முதல் இயங்கி வரும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1993 முதல் வீடற்ற பெண்களுக்காகப் பணியாற்றும் பானியன் அமைப்பு, ஆதரவற்றோரை மீட்பதற்காக 2021 இல் சென்னைக் காவல்துறை தொடங்கிய 'காவல் கரங்கள்' என்று ஆதரவு அமைப்புகளுக்கும் இந்நகரில் பஞ்சமில்லை. பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வீதியில் அலையும் மனநோயாளிகளுக்கான அவசர சிகிச்சை, மீட்பு மையங்களும் செயல்படுகின்றன. இருந்தும் பேருந்து நிழற்குடையில் கந்தல் துணியோடு ஒருவர் பல மாதங்களாகப் படுத்திருப்பதை ஒரு தெருவே பார்த்துக்கொண்டு கடந்து போகிறது. அந்தத் தெருவில் உள்ளவர்கள் அனைவரும் கல்நெஞ்சர்கள் என்று நான் நம்பவில்லை. யாரிடம் சொல்வது, சொன்னால் நம்மையே சாட்சியாக இழுப்பார்களோ, பிடித்துக்கொண்டு போய் எங்கே விடுவார்கள் என்ற ஐயங்கள்தான் அவர்களைத் தடுக்கின்றன.

ஐயங்களுக்குக் காரணமும் இருக்கிறது. மாநகராட்சிக்கு 1913, மகளிருக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மருத்துவ அவசரத்துக்கு 108 என்று உதவி எண்கள் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலைய வாசலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்ப்பவர் இவற்றில் எதை அழைக்க வேண்டும்? எண் கிடைத்தாலும், அருகில் உள்ள காப்பகம் எது, அங்கே இன்று இடம் இருக்கிறதா, யார் வந்து அழைத்துச் செல்வார்கள் என்ற மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைப்பதில்லை. தெருவில் இருப்பவரிடமோ பெரும்பாலும் கைபேசியே இருக்காது. அவருக்கு வேறு ஓர் அச்சமும் உண்டு. 1945 ஆம் ஆண்டின் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டத்தின் பெயரால் ஆட்களை வண்டியில் ஏற்றிச் சென்ற பழைய நினைவு அந்த மக்களிடம் இன்னும் அழியவில்லை. அரசு வாகனம் நின்றாலே மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் மறைகிறார்கள். எனவே முதலில் போய்ப் பேசுபவர் சீருடை அணியாதவராக, அந்தப் பகுதிக்கு அறிமுகமானவராக இருப்பது அவசியம்.

என் கோரிக்கை பெரும் செலவு பிடிக்கும் ஒன்றன்று. சென்னையில் 200 வார்டுகள் உள்ளன. ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும், காவல் நிலையத்திலும், ரயில், பேருந்து நிலையங்களிலும், அம்மா உணவகங்களிலும் அருகிலுள்ள காப்பகங்களின் பெயர், முகவரி, யாருக்கானது, பொறுப்பாளரின் தொலைபேசி எண் ஆகியவை பெரிய எழுத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். அம்மா உணவகத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013 இல் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கப்பட்ட அந்த இடத்துக்கு வீடற்றவர் தாமாகவே நடந்து வருகிறார். நாம் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அங்கே பணிபுரியும் பெண்களுக்கு யார் நாள்தோறும் வருகிறார், யார் நான்கு நாட்களாக வரவில்லை என்பது தெரியும். அவர்களுக்குச் சிறு பயிற்சியும், சிறு ஊக்கத்தொகையும் கொடுத்தால் வழிகாட்டும் வேலையை அவர்களைவிடச் சிறப்பாகச் செய்வோர் இல்லை. இதோடு, ஒவ்வொரு காப்பகத்திலும் எத்தனை இடம், எத்தனை பேர் தங்கினார்கள், வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்ற விவரத்தை மாதந்தோறும் மாநகராட்சி வெளியிட வேண்டும். இடம் காலியாக இருக்கிறது என்று ஒரு தரப்பும், இடமே இல்லை என்று மறு தரப்பும் சொல்லிக்கொண்டிருப்பது அப்போதுதான் ஓயும்.

கனமழை நாட்களுக்குத் தனி ஏற்பாடும் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மாநகராட்சிப் பள்ளிகளும் சமுதாய நலக்கூடங்களும் நிவாரண முகாம்களாகத் திறக்கப்பட்டன. பெயர் சூட்டப்படாத ஒரு சாதாரணக் கனமழை இரவில் அதே கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. சிவப்பு எச்சரிக்கை வரும்வரை காத்திராமல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வார்டுக்கு ஒரு கூடத்தை இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்து வைப்பதற்கு ஒரு காவலாளியும் கழிப்பறை வசதியும் போதும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றியும் ஒரு சொல். 2011 இல் பிப்ரவரி 28 ஆம் தேதி இரவு எடுக்கப்பட்ட கணக்கில் நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் வீடற்றவர்களாகப் பதிவாயினர். 2021 இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனதால் இன்றும் அந்த எண்ணை வைத்தே திட்டமிடுகிறோம். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1 ஐ அடிப்படையாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. ஒரே இரவில் எடுக்கும் கணக்கில், கோயம்பேட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு விழித்திருப்பவரும், பாதுகாப்புக்காக மறைவிடம் தேடிப் படுக்கும் பெண்களும் எளிதில் விடுபட்டுவிடுவார்கள். தெருத்தெருவாக அவர்களை அறிந்த தொண்டு நிறுவனங்களையும் காப்பகப் பணியாளர்களையும் இப்போதே உடன் சேர்த்துக்கொண்டு இடங்களைக் குறித்து வைத்தால்தான் அந்த இரவு பயன்படும்.

காப்பகம் வேண்டும், ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம் என்று மனு எழுதும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பகம் வராவிட்டால் அந்த மனிதர்கள் மறைந்துவிடப் போவதில்லை. அதே தெருவின் நடைபாதையில், கழிப்பறையும் விளக்கும் இல்லாமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். அதையொட்டி வார்டுகளில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறும்போது, சாலை, குப்பை, தெருவிளக்கு பற்றிய கேள்விகளோடு, நம் வார்டுக்கு அருகில் உள்ள காப்பகம் எது, குடும்பத்தோடு வருபவர்களுக்கு அங்கே இடம் உண்டா, மழைக்கால இரவுகளில் எந்தக் கூடம் திறந்திருக்கும் என்று மாமன்ற உறுப்பினரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ராயபுரம், சென்னை.